அக்கா நம்ப மறுத்த பாட்டு

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி என் பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். அக்காவுடன் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். எனக்கும் எண்பது கடந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் ஊரவர்களுமான நீங்கள் முதலில் எதைத் தேடிப் புரட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பா உண்மையிலேயே படத்தில் நடித்தவரா, இல்லையா? ஊர் கேட்ட கேள்வி அது. ஊரைவிடக் கடுமையாக அதைக் கேட்டவர் எங்கள் அக்காதான். ஆகவே அக்காவின் கதையை எழுதப் போனால் அப்பாவின் கதையையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா பிறந்தது களுதாவளையில். அம்மாவின் குடும்பத்துக்கு ஊரில் வெற்றிலைத் தோட்டமும், வாவியைக் கடந்தால் படுவான்கரையில் வட்டை என்கிற வயல்வெளியில் சிறு வயலும் இருந்தன. அப்பாவும் அதே ஊர்தான். வேலையில் பெரிய நாட்டமில்லாத, ஆனால் குரல் வாய்த்த பிள்ளையாம். மீசை அரும்பாத வயதிலேயே கூத்துகளில் பெண் வேடம் கட்டி, ஊர்ப் பெண்களே நாணும்படி நடப்பாராம். இந்தியாவிலிருந்து ஒரு நாடகக் கம்பனி மட்டக்களப்புப் பட்டணத்துக்கு வந்து கொட்டகை போட்டபோது, அவர்களுடைய ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம் போடும் நடிகர், காய்ச்சலில் விழுந்துவிட்டார். யாரோ அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டார்கள். அன்று ராணியாக மேடையேறியவர், கம்பனி ஊரைவிட்டுப் போனபோது அதனோடேயே போய்விட்டார்.

யாழ்ப்பாணம், கொழும்பு, பிறகு கப்பலேறி மதுரை, காரைக்குடி, கும்பகோணம் என்று அப்பா நடித்துத் திரிந்தார். இடுப்புவரை தலைமுடி வளர்த்து, எண்ணெய் பூசிப் பின்னியிருப்பாராம். இடையில் ஊருக்கு வந்து அம்மாவைக் கலியாணம் முடித்தார். அக்கா தவழும் பருவத்தில் மீண்டும் போனார். இந்த முறை போனவர் வருடக்கணக்காக வரவில்லை.

அந்த வருடங்களில் ஊர் சும்மா இருக்கவில்லை. தஞ்சாவூரில் அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்றார்கள். பம்பாயில் சிறையில் இருக்கிறார் என்றார்கள். மலைநாட்டுத் தோட்டமொன்றில் சமைக்கிறார், நேரிலே கண்டோம் என்றும் சிலர் வந்து சொன்னார்கள். இவை எல்லாவற்றையும் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று கேட்டு வளர்ந்தவர் அக்கா. ஒன்றுக்கொன்று முரணான கதைகளைப் பெரியவர்கள் ஒரே உறுதியோடு சொல்வதைக் கேட்டதிலிருந்துதான், ஒருவர் உறுதியாகச் சொல்கிறார் என்பதற்காக எதையும் நம்பக் கூடாது என்று தான் படித்துக்கொண்டதாக அக்கா பிற்காலத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டு கப்பல் பயணம் ஆபத்தான காலத்தில் அப்பா திரும்பி வந்தார். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாராம். கடப்பு வாசலில் நின்ற மனிதரை அக்காவுக்குத் தெரியவில்லை.

"அம்மா, ஆரோ ஒராள் வந்திரிக்கார்."

அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "உன்ட அப்பாதான் மனே" என்றார்.

"இவர்தான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அக்கா கேட்டாராம். அப்பா பெரிதாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பே மேடைச் சிரிப்புப் போலிருந்ததால் தனக்கு இன்னும் சந்தேகம் கூடியது என்பார் அக்கா.

அதன் பிறகுதான் நான் பிறந்தேன். எனக்கு அப்பா என்றால் வெற்றிலைக் கொடி கட்டுகிற, அதிகம் பேசாத மனிதர். அக்காவுக்கு அவர் எப்போதும் கவனித்துப் பார்க்கப்பட வேண்டிய ஒருவர். நல்ல மனநிலையில் இருக்கும்போது அப்பா நாடகக் கதைகள் சொல்வார். மேடைக்குப் பெண்களே வரத் தொடங்கியதும் தன்னைப் போன்ற ஸ்திரீபார்ட்களுக்கு வேலை போனதையும், பிறகு பேசும்படம் வந்ததையும் சொல்வார். முதல் படத்தில் ஈட்டி பிடித்த காவலன். இரண்டாவதில் மந்திரி, பேசியது இரண்டு வரி. மூன்றாவது ஒரு படம். அதில் என்ன வேடம் என்று கேட்டால் மட்டும் அவர் பதில் சொல்லமாட்டார்.

"அதில நான் இரிக்கன்" என்பார். அவ்வளவுதான்.

"இரிக்கிறதெண்டா என்னவா இரிக்கிறீங்க? ராசாவா, கள்ளனா?" அக்கா விடமாட்டார்.

"இரிக்கன் மனே. வந்தா விளங்கும்."

யுத்தம் முடிந்த பிறகு அந்த மூன்றாவது படம் பட்டணத்துக்கு வந்தது. பழைய படம்தான். ஆனால் அதில் கதாநாயகி பாடிய ஒரு பாட்டு இசைத்தட்டில் வந்து ஏற்கனவே எங்கும் பிரபலமாகியிருந்தது. எங்கள் ஊரில் உரலில் நெல்லுக் குற்றுகிற பெண்கள்கூட அதை முணுமுணுப்பார்கள். படம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அப்பா ஒருநாளும் இல்லாத மாதிரி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஒரு லொறி பிடித்து அம்மா, அக்கா, அயலவர்கள் என்று எல்லோரையும் பகற்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் அம்மாவின் மடியிலிருந்து போனேனாம். எனக்கு அது நினைவில்லை. அக்காவுக்கு அப்போது எல்லாம் விளங்குகிற வயது.

படம் தொடங்கியது. ராசா வந்தார், மந்திரி வந்தார், காவலர் வந்தார்கள். ஒவ்வொரு முகம் வரும்போதும் "இதா? இதா?" என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். அப்பா பேசாமல் இருந்தார். நாயகி ஒரு பூமரத்தடியில் நின்று அந்தப் பிரபலமான பாட்டைப் பாடினார். கொட்டகை முழுவதும் கூடப் பாடியது. அக்கா பக்கத்தில் திரும்பிப் பார்த்தபோது அம்மாவின் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. இவ்வளவு பேருக்கு முன்னால் வெட்கப்படப் போகிறோம் என்றுதான் அம்மா அழுகிறார் என்று அக்கா நினைத்தார். படம் முடிந்து வெளிச்சம் வந்தது. அப்பா எந்தக் காட்சியிலும் இல்லை.

லொறியில் திரும்பி வரும்போது ஒருவர் கேட்டார்: "அப்ப அண்ணே, நீங்க எந்தப் பக்கத்தால வந்து எந்தப் பக்கத்தால போன நீங்க? நாங்க கண் சிமிட்டக்குள்ளயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்துக்கொண்டே வந்தாராம். ஏதோ ஒன்றுக்குக் காத்திருப்பவர் போல இருந்தாராம். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு 'ஒளிஞ்ச படக்காரர்' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அக்காவுக்கு 'ஒளிஞ்ச படக்காரன்ட மகள்'.

அக்கா பள்ளிக்கூடத்தை விடவில்லை. ஊர் சிரிக்கச் சிரிக்கப் படித்தார். பயிற்சி எடுத்து மருத்துவமாதாகி, கிரான், கரடியனாறு என்று உட்பக்க ஊர்களில் சைக்கிளிலும் தோணியிலும் மாட்டுவண்டியிலும் போய்ப் பிரசவம் பார்த்தார். அங்குள்ளவர்கள் அவரை 'மிஸி' என்பார்கள். "எத்தனை மாசம்?" என்று கேட்பார். சொல்லும் பதிலை நம்பமாட்டார். வயிற்றில் கை வைத்துத்தான் முடிவு செய்வார். "எனக்கு ஒரு வருத்தமும் இல்ல மிஸி" என்று சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு பெண்ணை, அந்தச் சிரிப்பை நம்பாமல், கணுக்காலை அழுத்திப் பார்த்து, வீக்கம் கண்டு, புருசனோடு சண்டை பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இப்படி அக்காவின் சந்தேகத்தால் உயிரோடு இருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் பலர். அவர்களில் சிலர் இன்று இந்த மலரை வாசிக்கவும் கூடும்.

அதே சந்தேகம்தான் அவரைத் தனியாகவும் வைத்தது. பெண் பார்க்க வந்த ஒருவரிடம் அக்கா தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, "ஒரு பொய் சொல்லுங்க பாப்பம்" என்று கேட்டார். அந்த மனிதர் திகைத்துப் போனார். "பொய் சொல்லக்குள்ள உங்கட முகம் எப்பிடிப் போகும் எண்டு பாத்து வெச்சாத்தான் பிறகு எனக்கு விளங்கும்" என்று அக்கா விளக்கம் வேறு கொடுத்தார். அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். அதற்குப் பிறகு வந்த சம்பந்தங்களும் ஏறத்தாழ இப்படியே முடிந்தன. நான் கலியாணம் முடித்துப் பிள்ளைகள் பெற்றேன். அக்கா எங்கள் வீட்டிலேயே இருந்தார். என் பிள்ளைகள் எல்லோரும் அக்காவின் கையில் பிறந்தவர்கள்தான்.

வீட்டுக்கு வானொலிப் பெட்டி வந்தபோது அக்காவின் சந்தேகம் புதிய பக்கம் திரும்பியது. அப்பாவுக்குப் பழைய பாட்டுகள் பிடிக்கும். கேட்டுக்கொண்டே பாக்கு வெட்டுவார். ஆனால் அந்த நாயகியின் அந்தப் பாட்டு வந்தால் மட்டும் பாக்குவெட்டியை வைத்துவிட்டு எழும்பித் தோட்டத்துக்குப் போய்விடுவார். முதலில் தற்செயல் என்று இருந்தோம். அக்கா கவனித்தார். ஒருநாள் வேண்டுமென்றே அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். அப்பா பாதிச் சோற்றில் கை கழுவினார்.

"கண்டயா?" என்றார் அக்கா என்னிடம். "இந்தப் பொம்பிளைக்கும் இவருக்கும் என்னவோ இரிந்திரிக்கி. அவ்வளவு வருசமும் ஆரோடு இரிந்தவர் எண்டு இப்ப விளங்குதா? தஞ்சாவூரும் இல்ல, பம்பாயும் இல்ல. இவ வீட்டிலதான்."

அம்மாவிடம் போய்ச் சொன்னார். அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவேயில்லை. "அந்தப் பாட்ட விடு மனே. அவருக்கு அது கஷ்டம்" என்று மட்டும் சொன்னார். அம்மா எல்லாம் தெரிந்தும் அடங்கிப் போகிறார் என்று அக்கா மனதுக்குள் வெந்தார்.

அம்மா இறந்தபோது நடந்ததை நான் நேரில் கண்டேன். அப்பா உடலருகே இருந்து தலையிலடித்து அழுதார். வந்திருந்த பெண்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "பாரன் கா, நல்லா நடிக்கார்" என்று மெதுவாகச் சொன்னது அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. அவர் அழுகையை அந்த இடத்திலேயே நிறுத்தினார். தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். சுடலைவரை, பிறகு முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை, அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதையும் ஊர் சொன்னது: "கண்டீங்களா, உண்மையா இரிந்தா அழமாட்டாரா?"

அக்கா அன்று அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "தங்கச்சி, எனக்கு இவர விளங்கல்ல. விளங்காமச் சாகமாட்டன்" என்றார்.

கோயில் யாத்திரை என்று சொல்லித்தான் புறப்பட்டோம். அக்கா, நான், ஊரிலிருந்து போன ஒரு யாத்திரைக் கூட்டம். தலைமன்னார் போய்க் கப்பலேறி, இராமேஸ்வரம், மதுரை, சிதம்பரம் எல்லாம் கும்பிட்டோம். ஒவ்வொரு சந்நிதியிலும் அக்கா கண்ணை மூடியதைவிட, பக்கத்தில் நிற்கும் வயதான பெண்களின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். சென்னையில் கூட்டம் ஓய்வெடுத்த நாளில் என்னை மட்டும் அழைத்துக்கொண்டு மயிலாப்பூருக்குப் போனார். அந்தப் பழைய நாயகி அங்கே தனியாக இருக்கிறார் என்று ஒரு சினிமாப் பத்திரிகையில் போட்டிருந்ததை எப்போதோ வாசித்து மனதில் வைத்திருந்தார். கோயிலடியில் பூ விற்றவரிடம் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்.

கதவைத் திறந்தவர் வெள்ளைச் சேலையும் கண்ணாடியுமாக ஒரு மெலிந்த அம்மா. நாங்கள் அவருடைய படங்களைப் பார்த்த ரசிகைகள் என்று அக்கா சொன்னார். உள்ளே கூப்பிட்டு இருத்தி, காப்பி போடப் போனார். அவர் உள்ளே போன உடனே அக்கா எழும்பிச் சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாலை போட்ட ஒரு ஆணின் படத்துக்குக் கிட்டப் போய்க் கண்ணாடியில் மூக்கு முட்டும்வரை பார்த்தார். அது வேறு யாரோ, வயதானவர்.

காப்பியைத் தந்துகொண்டே, "எந்த ஊரும்மா நீங்க? பேச்சு நம்ம பக்கம் மாதிரி இல்லையே" என்றார் அந்த அம்மா.

"இலங்கை. மட்டக்களப்பு."

அவருடைய கை நின்றுவிட்டது. "மட்டக்களப்பா? அங்கேயிருந்து ஒரு அண்ணா எங்க கம்பெனியில இருந்தாரே. ஸ்திரீபார்ட். உயிரோட இருக்காரா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவின் முகம் இறுகிப் போயிருந்தது. "இரிக்கார். நாங்க அவர்ட பிள்ளைகள். எங்கட அப்பா உங்களுக்கு என்ன முறை?" என்று நேராகவே கேட்டார்.

"அண்ணான்னு சொன்னேனேம்மா" என்று அவர் சிரித்தார். பிறகு அக்கா சிரிக்கவில்லை என்பதைக் கண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "நீங்க என்ன நெனச்சு வந்திருக்கீங்க? உங்கப்பா வீட்டுல ஒண்ணுமே சொல்லலியா?"

"என்னத்தச் சொல்ல?"

அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். அந்த மூன்றாவது படத்துக்கு அவர்தான் நாயகி. நன்றாகப் பாடுவார் என்று விளம்பரம் செய்துதான் அவரை எடுத்திருந்தார்கள். படப்பிடிப்புக்குச் சற்று முன் கடும் காய்ச்சல் வந்து தொண்டை போய்விட்டது. பேச முடிந்தது, பாட முடியவில்லை. தாயையும் தம்பிகளையும் அவர் ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் நடிப்பவரே பாட வேண்டும். படத்தில் அப்பாவுக்கு ஏதோ சின்ன வேடம் பேசியிருந்தார்கள். டைரக்டருக்கு அப்பாவின் பெண்குரல் நினைவு வந்தது. மைக்கை ஒரு பூச்செடிக்குள் மறைத்து வைத்தார்கள்.

"நான் மரத்தடியில நின்னு வாயசைச்சேன். அண்ணா அந்தச் செடிக்குப் பின்னாடி குந்திக்கிட்டுப் பாடினார். வெயில். முட்டி வலிக்கும். ஆனா அந்தக் குரல்! என் தொண்டை நல்லா இருந்தப்பகூட எனக்கு அப்படி வந்ததில்லை. பாட்டு ரொம்ப நல்லா வந்துடுச்சு. அதனாலேயே அவருக்குப் பேசின வேஷத்தையும் எடுத்துட்டாங்க. அவர் முகம் படத்துல வந்து, குரலையும் யாராவது அடையாளம் கண்டுட்டா வம்புன்னு பயந்தாங்க. நான் அவர்கிட்ட அழுதேன். இது வெளியில தெரிஞ்சா என் குடும்பம் தெருவுக்கு வந்துடும் அண்ணான்னு கேட்டேன். 'என் வாயால ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன்'னு விளக்கைத் தொட்டுச் சொன்னார்."

அக்கா காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"பத்திரிகைக்காரங்களுக்குச் சொல்லாதீங்கன்னுதான் நான் கேட்டேன். வீட்டுக்காரிகிட்டக்கூடச் சொல்லாம இருப்பார்னு நான் நினைக்கவே இல்லையே. பிள்ளைங்ககிட்டக்கூடவா?"

"ஊர் முழுக்க அவரைப் பொய்யன் எண்டுது" என்றேன் நான். அக்கா அவ்வளவில் விடவில்லை.

"நீங்க சொல்றது உண்மையெண்டு நான் எப்பிடி நம்புற?" என்றார். "அந்தப் பாட்டப் பாடிக் காட்டுங்க."

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. அந்த அம்மா காப்பிக் குவளையை ஓரமாக வைத்துவிட்டு, நிமிர்ந்து இருந்து, பாடத் தொடங்கினார். சொற்கள் எல்லாம் சரி. ஆனால் குரல் மேலே போக வேண்டிய இடத்தில் போகாமல் கீறிக்கொண்டு விழுந்தது. மறுபடி எடுத்தார். மறுபடியும் விழுந்தது. ஊரில் நெல்லுக் குற்றுகிற பெண்கள் எவ்வளவோ மேல். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

"பின்னாடி எல்லாருக்கும் வேற ஆள் பாடுறதே வழக்கமாயிடுச்சு. என் பொய் பொய்யாவே இல்லாமப் போச்சு. ஆனா அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் இன்னைக்கும் கை தட்டுறாங்க. தட்டும்போதெல்லாம் எனக்கு அந்தச் செடிதான் ஞாபகம் வரும்" என்றார்.

தெருவுக்கு வந்ததும் நான் அழுதேன். அக்கா நடந்துகொண்டே சொன்னார்: "தங்கச்சி, அவ ஒரு நடிகை. பாட ஏலாத மாதிரி நடிக்க அவக்குத் தெரியாதா?"

என்னால் சிரிக்கவும் முடியவில்லை. ஆனால் திரும்பி வரும் கப்பலில் அக்கா நெடுநேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். பிறகு, "அண்டைக்குப் படம் பாக்கக்குள்ள அம்மா அழுதவ. அந்தப் பாட்டுக்குத்தான் அழுதவ. வெக்கத்தில எண்டு நினைச்சன்" என்றார். அப்பா அன்று லொறியில் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்ததும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. தன் வாயால் சொல்லமாட்டேன் என்றவர், எங்களில் ஒருவராவது காதால் கண்டுபிடிக்க மாட்டோமா என்றுதான் ஊரையே கூட்டிப் போயிருக்கிறார். கண்டுபிடித்தவர் அம்மா ஒருவர். அவரும் கணவரின் வாக்குக்குத் துணையாக வாயை மூடிக்கொண்டார்.

வீடு வந்து சேர்ந்ததும் அக்கா திருநீற்றுப் பொட்டலத்தோடு நேராகத் தோட்டத்துக்குப் போனார். நான் பின்னாலே போனேன். அப்பா கொடி கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தப் பாட்டப் பாடுங்க."

"எந்தப் பாட்டு?"

"உங்களுக்குத் தெரியும்."

அப்பா திரும்பி அக்காவைப் பார்த்தார். அவ்வளவு சந்தேகத்தோடு ஒருவர் அக்காவைப் பார்த்து நான் கண்டதில்லை. "ஆர் என்ன சொன்ன?" என்றார்.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. கோயிலுக்குத்தானே போன நாங்க" என்றார் அக்கா, கண் இமைக்காமல்.

அப்பாவின் முகத்தில் ஒரு சிறு சிரிப்பு வந்து போனது. "நல்லா நடிக்காய் மனே" என்று சொல்லிவிட்டு மற்றக் கொடியைக் கட்டப் போனார்.

அதன் பிறகு அந்தப் பாட்டு வானொலியில் வரும்போது அப்பா எழும்பிப் போகவில்லை. அக்காவும் சத்தத்தைக் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. இருவரும் எதிரெதிரே இருந்து கேட்பார்கள். முடிந்ததும் அப்பா பாக்கு வெட்டத் தொடங்குவார். சூறாவளி எங்கள் வெற்றிலைத் தோட்டத்தைத் தரைமட்டமாக்கிய பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை. செத்தவீட்டில் ஊரார் பழைய பகிடியை மறுபடி எடுத்தார்கள். அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். ஒரு சொல் சொல்லவில்லை.

ஆனால் அக்காவின் மனம் முற்றாக அடங்கவில்லை என்பதை நான் அறிவேன். ஓய்வு பெற்ற பிறகும், உள்நாட்டு யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து பிறர் வீட்டில் இருந்தபோதும், திடீரென்று, "அந்த அம்மா உண்மையிலேயே பாட ஏலாதவதானா?" என்று கேட்பார். "அக்கா, நீங்களும் ஒரு மனிசிதானா?" என்று நான் கோபித்துக்கொள்வேன். "நான் நம்ப விரும்புறன் தங்கச்சி. அதுதான் எனக்குப் பயம். விரும்பினதத்தானே மனிசர் லேசா நம்புவாங்க" என்பார்.

தொண்ணூறு கடந்து, கட்டிலோடு ஆன கடைசி மாதங்களில் அக்காவை என் மகள் பார்த்துக்கொண்டாள். ஒரு பின்னேரம் அவள் தன் கைப்பேசியில் தேடி அந்தப் பாட்டை எடுத்துப் பெரியம்மாவின் காதோரம் வைத்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "திருப்பிப் போடு" என்றார். மறுபடியும் கேட்டு, மறுபடியும் போடச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கடைசி அடியில 'காற்று' எண்டு வருதே, அதக் கேள்."

கேட்டேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"டீவியில இந்தியாக்காரர் 'காற்று' எண்டு சொல்லக்குள்ள எப்பிடிச் சொல்லுவாங்க? ஒரு 'ர' கலந்து 'காட்ரு' எண்டு வரும். இந்தப் பாட்டிலயும் முதல் வாற இடமெல்லாம் அப்பிடித்தான் வருது. கடைசியில பாட்டில லயிச்சுப் போய் மறந்திட்டார். 'ர' இல்ல, 'காட்டு'க்குக் கிட்டக் கேக்குது. எங்கட ஊரில சொல்லுற மாதிரியே சொல்லிட்டார். எங்கட காதுக்கு அது பழகின சத்தம். அதுதான் இவ்வளவு காலமும் வித்தியாசமாத் தெரியல்ல."

மகள் திரும்பவும் போட்டாள். இந்த முறை எனக்கும் கேட்டது. அத்தனை இசைக்கும் நடுவே, ஒரு பெண்ணின் குரலில், எங்கள் ஊர் மனிதர் ஒருவர் வீட்டில் பேசுவது போல அந்த ஒரு சொல்.

அக்காவின் கண்களின் ஓரத்தால் நீர் வழிந்து காதுக்குள் போனது. அவர் அழுது நான் கண்டது அப்போதுதான். "அப்பாதான்" என்றார். "ஓம். அப்பாவேதான்."

அந்தப் பாட்டின் கீழே எத்தனையோ பேர் அந்த நாயகியின் குரலைப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். "பெரியம்மா, உண்மைய நான் இதுக்குக் கீழ எழுதட்டா?" என்று மகள் கேட்டாள்.

"வேணாம். அவர் சொல்லாதத நாம ஆர் சொல்ல?" என்றார் அக்கா. கொஞ்சம் யோசித்து, "நான் போன பிறகு ஊருக்கு எழுதுறதெண்டா எழுதுங்க. படத்தின்ட பேரும் அவட பேரும் போட வேணாம். சனம் நம்பாட்டியும் பரவாயில்ல" என்றார். அதற்குப் பிறகு சில கிழமைகளில், ஒரு காலைப்பொழுதில், அக்கா அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அக்காவின் இறுதிக் காலத்தில் வீடு தேடி வந்து பார்த்த வைத்தியருக்கும் தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த களுதாவளை உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. அக்காவின் கையில் பிறந்து, "எங்கட மிஸிக்கு" என்று தன் வாகனத்தை நாள் முழுவதும் எங்கள் வாசலில் நிறுத்தி வைத்த காத்தான்குடித் தம்பிக்கும், கிரானிலிருந்தும் கரடியனாற்றிலிருந்தும் தாய்மார்களாகத் திரண்டு வந்தவர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் தன் வீட்டுக் கதவைத் திறந்து, காப்பி தந்து, தன்னைக் குற்றம் சாட்ட வந்த முன்பின் தெரியாத இரண்டு பெண்களுக்கு முன்னால், தன்னால் பாட முடியாது என்பதைப் பாடியே காட்டிய அந்த அம்மாவுக்கு. அவரும் இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால், அவர்கள் கைக்கு இந்த மலர் போகாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவை அன்று நாங்கள் புறப்படும்வரை அவர் அண்ணா என்றே சொன்னார்.